சாவி இருவர் கையில், படிப்பு யார் கையில்?

(மாணவர்கள் நடத்திய கல்விக் கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுகிறவனைக் கூப்பிட்டு, கணினிப் பாதுகாப்புக்குப் பல்கலைக்கழகப் படிப்பு எப்படி இருக்கணும்னு பேசச் சொல்லியிருக்கீங்க. நான் பொறியாளன் இல்லை. வங்கியில் கிளார்க். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாஸ்வேர்டு அடிக்கிறவன். ஆனால் இந்தப் புதிய தொழில் யாரைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறதோ, தப்பு நடந்தால் யார்மேல் முதலில் பழி போடுகிறதோ, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த இடத்திலிருந்தே பேசுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம்ம தெருவில் ‘செக்யூரிட்டி’ என்றால் யார்? ஏ.டி.எம். வாசலில், அபார்ட்மெண்ட் கேட்டில், நீலச் சட்டை போட்டு நிற்கிற மனுசன். அவருக்குப் பெயரே கிடையாது. “ஏய் செக்யூரிட்டி” அவ்வளவுதான். இப்போது அதே சொல் நாலு வருசப் பட்டப்படிப்பாகவும் ஆகியிருக்கிறது. சைபர் செக்யூரிட்டி. ஒரு செக்யூரிட்டிக்கு ஏ.சி. அறை, இன்னொரு செக்யூரிட்டிக்கு பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் சில இடத்தில் கிடையாது. தனியார் காவல் நிறுவனங்களுக்கான 2005 சட்டத்தின்கீழ் மத்திய அரசு 2006இல் கொண்டுவந்த மாதிரி விதிகள், காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. கேட்டில் நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், அதில் எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று. இரண்டும் காவல்தான். ஒன்று கூலி, இன்னொன்று தொழில். இந்தப் பிரிவினை எப்படி விழுகிறது என்பதுதான் கேள்வி.

காவல் வேலை நமக்குப் புதிதல்ல. ஊர்க்காவல், ஏரிக்காவல், களத்துக்காவல் எல்லாம் யார் தலையில் இருந்தன? மகாராஷ்டிரத்தில் மகர்கள்தான் ஊருக்குக் காவல், எல்லைத் தகராறில் சாட்சி, சேதி கொண்டுபோகிறவர்கள். பரம்பரை வேலை, கூலிக்குப் பதில் துண்டு நிலமும் ஊர்ச்சோறும். வதன் முறை என்று அதற்குப் பெயர். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் அந்த வதன் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். ஊரின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்ற அறிவு முழுக்க ஒரு சமூகத்திடம் இருந்தது. அந்த அறிவுக்கு மரியாதை மட்டும் இல்லை. ஆக, அறிவு இருந்தால் மட்டும் ஒன்று தொழிலாகிவிடாது. அந்த அறிவைச் சுற்றி யார் சுவர் எழுப்புகிறார்கள், வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

சரி, இந்தப் புதிய சுவர் எழும்பிய கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1988 நவம்பர் 2. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய ‘புழு’ நிரல் ஒன்று, கணினிக்குக் கணினி தானாகத் தாவி, அன்றைய இணையத்தையே திணறடித்தது. 6000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் அவசர உதவி மையம் உருவானது. 1992இல் இங்கிலாந்தில் ராயல் ஹாலோவே கல்லூரி தகவல் பாதுகாப்பில் முதுகலைப் படிப்பு தொடங்கியது. 1998இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வு மையம் வந்தது. பிறகு அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ. கல்லூரிகளுக்குத் ‘திறன் மையம்’ என்று முத்திரை குத்த ஆரம்பித்தது. 2014இல் இங்கிலாந்தின் ஒட்டுக்கேட்பு நிறுவனமும் அதையே செய்தது. கவனியுங்கள், எது நல்ல படிப்பு என்று சான்று தருவது யார்? உளவுத்துறை. 2017இல்தான் கணினி அறிஞர்களின் சர்வதேசச் சங்கங்கள் கூடி, இந்தப் படிப்புக்கென்று ஒரு பொதுப் பாடத்திட்ட வழிகாட்டியை வெளியிட்டன.

இங்கே? 2000இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம். 2004இல் ‘செர்ட்-இன்’. 2013இன் தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை, ஐந்தாண்டில் ஐந்து லட்சம் வல்லுநர்களை உருவாக்குவோம் என்றது. 2022இல் யு.ஜி.சி. இளநிலைக்கும் முதுநிலைக்கும் சைபர் பாதுகாப்புப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. எண்ணிக்கை சொன்னார்கள், பாடம் சொன்னார்கள். அந்த ஐந்து லட்சம் பேர் யார், எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

மோரிஸுக்கு என்ன ஆனது தெரியுமா? 1990இல் தண்டனை: மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூகசேவை, பத்தாயிரம் டாலர் சொச்சம் அபராதம். சிறை இல்லை. பிற்காலத்தில் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். அவருடைய அப்பா என்.எஸ்.ஏ.யின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. அவரைச் சிறையில் போட்டிருக்கணும்னு நான் சொல்லவில்லை. இளைஞன் ஒருவனுக்கு அப்படித்தான் இரண்டாவது வாய்ப்பு கொடுக்கணும். என் கேள்வி வேற. நம்ம ஊர் ஆதிதிராவிடர் நல விடுதியில் இருக்கிற பையன், தன் கல்லூரி இணையதளத்தில் ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்துப் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? ‘நீ எதுக்கு அதுக்குள்ள போன?’ நம்ம சட்டத்தின் 66ஆம் பிரிவில் மூன்று வருடம்வரை சிறை, ஐந்து லட்சம்வரை அபராதம் இருக்கிறது. நேர்மையற்ற நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்று சட்டம் சொல்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் ஸ்டேஷனில் நோக்கத்தை எதை வைத்து அளப்பார்கள்? ஊரை வைத்தா, தெருவை வைத்தா? வழக்கு முடிவதற்குள் படிப்பு முடிந்துவிடும், இரண்டு அர்த்தத்திலும். நோண்டிப் பார்க்காமல் இந்தத் தொழிலைக் கற்க முடியாது. நோண்டிப் பார்க்கும் உரிமையோ பிறப்பை ஒட்டிக் கிடைக்கிறது. பாடத்திட்டம் போடுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

அடுத்து, என்ன படிக்கணும்? 2017 வழிகாட்டி எட்டுப் புலங்களைச் சொல்கிறது: தரவு, மென்பொருள், உறுப்புகள், இணைப்பு, அமைப்பு, மனிதர், நிறுவனம், சமூகம். முதல் ஐந்தும் எந்திரம் சார்ந்தவை. கடைசி மூன்றும் மனுசர் சார்ந்தவை. நம் கல்லூரிகளில் கடைசி மூன்றுக்கும் என்ன கதி? கடைசி செமஸ்டரில், மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம், ‘எதிக்ஸ்’ என்று ஒரு தாள். வாத்தியாரும் தூங்குவார், பசங்களும் தூங்குவாங்க.

ஆனால் நிஜத்தில் கொள்ளை எங்கே நடக்கிறது? 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் நடந்ததைப் பாருங்கள். நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 போலி உத்தரவுகள், மொத்தம் 95 கோடி டாலருக்கு. திருடர்கள் கம்ப்யூட்டரை மட்டும் படிக்கவில்லை, காலண்டரையும் படித்திருந்தார்கள். வியாழக்கிழமை ராத்திரி ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை டாக்காவில் வார விடுமுறை. டாக்கா விழித்துக்கொள்ளும்போது நியூயார்க்கில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. உத்தரவுகளை அச்சடிக்கிற பிரிண்டரையும் முடக்கிவிட்டார்கள். பிலிப்பைன்சுக்குப் போன 8 கோடியே 10 லட்சம் டாலரில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகள் வழியே கரைந்தது.

இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும் எப்படித் தப்பியது? பெறுகிறவர் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்பது ‘ஃபண்டேஷன்’ என்று எழுத்துப்பிழையோடு இருந்தது. இடையில் இருந்த வங்கி விளக்கம் கேட்டது. இலங்கை வங்கியிலும், நம்ம மாதிரி சின்ன நாட்டுக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று சந்தேகப்பட்டார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த மென்பொருள் பிடிக்காததை, தாளைப் படித்த குமாஸ்தாக்களின் கண் பிடித்தது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையும் இருக்கட்டும், போனால் போகிறது! 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், அதே ‘ஸ்விஃப்ட்’ வழியாகக் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலருக்கு மூன்று போலி அனுப்புதல்கள் போனபோதும், கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கையில்தான் தெரியவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் 94 கோடி ரூபாய் போனது. நகல் அட்டைகளை வைத்துப் பல நாடுகளில் ஏ.டி.எம்.களிலிருந்து பணம் எடுத்தார்கள். விடுமுறை, பழக்கம், மேலதிகாரி பயம், ஆள் பற்றாக்குறை, இதையெல்லாம் படிக்காத பாதுகாப்புப் படிப்பு அரைப் படிப்புதான்.

இதில் ஒரு விசயம். பாதுகாப்பு வல்லுநர்கள் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்வார்கள்: மனிதன்தான் பலவீனமான கண்ணி. அதாவது நானும் நீங்களும்! 1999இல் ஆன் ஆடம்ஸ், ஏஞ்சலா சாஸ் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் இதைக் கவிழ்த்துப் போட்டார்கள். பயன்படுத்துகிறவர் எதிரி அல்ல என்பதே அவர்கள் கட்டுரையின் தலைப்பு. நினைவில் வைக்கவே முடியாத பாஸ்வேர்டுகளை மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தால், எழுதித்தான் வைப்பார்கள். தப்பு விதியில், ஆளில் இல்லை. மேலே இருப்பவர் விதியை எழுதுவார், கீழே இருப்பவர் அதை மீறினார் என்று தண்டனை வரும். இந்த ஏற்பாடு நமக்குத் தெரியாததா? விதி எழுதுவதற்கு முன்னால், அந்த விதியோடு வாழப் போகிறவரிடம் போய் உட்கார்ந்து கேள் என்பதை முதல் பாடமாக வைக்கணும்.

இந்தத் துறையின் அடித்தளத்தில் நமக்கு இணக்கமான ஒரு சிந்தனை கிடக்கிறது. 1883இல் பாரிசில் ஜெர்மன் மொழி சொல்லித்தந்த கெர்க்காஃப்ஸ் என்ற ஆசிரியர் சங்கேத எழுத்துக்கு ஒரு விதி சொன்னார். உன் முறை எதிரி கையில் சிக்கினாலும் பாதகமில்லாமல் இருக்கணும், ரகசியமாக இருக்க வேண்டியது சாவி மட்டும்தான். முறையை மறைத்து வைத்தால்தான் பாதுகாப்பு என்றால் அது பாதுகாப்பே இல்லை. 1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் இருவரும் வகுத்த எட்டுக் கோட்பாடுகளில் இந்தத் ‘திறந்த வடிவமைப்பு’ம் ஒன்று. இன்னொன்று, தனி ஒருவரிடம் முழு அதிகாரம் கூடாது என்பது. அதற்கு அவர்கள் காட்டும் உதாரணமே வங்கிப் பெட்டகம்தான். எங்கள் கிளையில் பண அறைச் சாவி இரண்டு பேர் கையில். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. வவுச்சரை ஒருவர் போடணும், இன்னொருவர் பாஸ் பண்ணணும். ஆபீசரே ஆனாலும் அதுதான் சட்டம்.

யோசித்துப் பாருங்கள். அறிவை ஓலைக்குள் மறைத்து, கேட்டவன் காதில் ஈயம் ஊற்றச் சொன்ன மரபு இது. அந்த மரபில் வந்த கல்லூரிகளில், அறிவு எல்லோருக்கும் திறந்தே இருக்கட்டும், சாவி மட்டும் பிரித்து இருக்கட்டும் என்கிற ஒரு பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. அதை எப்படி நடத்துகிறார்கள்? பல இடத்தில் தாக்குதல் முறைகளைச் சொல்லித்தரவே பயப்படுகிறார்கள். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகம் 2003இல் மாணவர்களை வைரஸ் எழுதவைக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்கியபோது, வைரஸ் எதிர்ப்புக் கம்பெனிக்காரர்கள் குதித்தார்கள். பல்கலைக்கழகம் பின்வாங்கவில்லை. வெளி இணைப்பில்லாத பூட்டிய ஆய்வுக்கூடம், சட்டப் பாடம், அறப் பாடம் என்று ஏற்பாடு செய்து நடத்தியது. அதுதான் வழி. விஷம் தெரியாதவன் வைத்தியம் பார்க்க முடியாது.

இனி வாசலுக்கு வருவோம். நூறு வருசத்துக்கு முன்னால் இன்னொரு தொழில் இப்படித்தான் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது. மருத்துவம். 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், வட அமெரிக்காவின் 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்த்து அறிக்கை கொடுத்தார். தரமில்லாத பள்ளிகளை மூடு, ஆய்வுக்கூடம் வை, நுழைவுத் தகுதியை உயர்த்து. நல்ல யோசனைகள்தானே? அப்போது கறுப்பின மக்களுக்கென்று ஏழு மருத்துவப் பள்ளிகள் இருந்தன. ஹோவர்ட், மெஹரி இரண்டு மட்டும் போதும் என்றது அறிக்கை. மற்ற ஐந்தும் பிறகு மூடப்பட்டன. கறுப்பின டாக்டருக்கு அறுவை சிகிச்சையைவிட சுகாதாரமே முக்கியப் பாடம் என்றும் எழுதினார். நூற்றுப்பத்து ஆண்டு கழித்து 2020இல், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தன் விருதிலிருந்து அவர் பெயரை நீக்கியது. மூடிய பள்ளிகள் திரும்ப வரவில்லை. ‘தரம்’ என்ற சொல்லை யாராவது உச்சரித்தால், எந்த வாசல் மூடுது என்று திரும்பிப் பாருங்கள்.

இந்தத் துறையிலேயே அந்த எச்சரிக்கை வந்திருக்கிறது. 2013இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. இந்தத் துறை இன்னும் இளசு, பல வேலைகளின் கலவை, அவசரப்பட்டு இறுக்கமான தகுதி விதிகள் வைத்தால் திறமையுள்ளவர்களே வெளியே நிற்பார்கள் என்பது அதன் சாரம்.

நம் நிலைமையில் இது இன்னும் கூர்மை. பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 2007இல் ஒழிந்தது. இட ஒதுக்கீடு இருக்கிறது. போராடி வாங்கியது. நம்ம பிள்ளைகள் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். வந்து பார்த்தால் வாசல் இடம் மாறியிருக்கிறது! வேலை விளம்பரத்தில் பட்டத்தோடு தனியார் சான்றிதழ் ஒன்றும் கேட்கிறார்கள். பேர்போன சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்குத் தேர்வுக் கட்டணமே சுமார் 750 டாலர். அதோடு ஐந்து வருட வேலை அனுபவம், பட்டம் இருந்தால் ஒரு வருடம் குறைப்பு. அந்தத் தேர்வு அறைக்கு இட ஒதுக்கீடு கிடையாது, உதவித்தொகை கிடையாது. பல்கலைக்கழகத்துக்குள் நாம் நுழைந்தபோது, வேலைக்கான திறவுகோல் பல்கலைக்கழகத்துக்கு வெளியே போய்விட்டது. தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

இன்னொரு முக்கியமான கேள்வி, இந்தப் படிப்பு யார் பக்கம் நிற்கும்? கம்பெனிக்கு ஆள் வேண்டும், போலீசுக்கு ஆள் வேண்டும் என்றே பேசுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்க ஆள் வேண்டாமா? பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியில் இருந்த ஆவணங்கள், வெளியிலிருந்து ஊடுருவி வைக்கப்பட்டவை என்று 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆர்சனல் என்கிற ஆய்வு நிறுவனம் அறிக்கை தந்தது. வழக்கை நடத்தும் என்.ஐ.ஏ. அதை ஏற்கவில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி 2021 ஜூலையில் காவலில் இருக்கும்போதே இறந்தார். அவருடைய கணினியிலும் அப்படியே நடந்ததாக அதே நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னது. இறந்த பிறகு. எது உண்மை என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது, கைதியின் வன்தட்டைப் படித்துச் சொல்ல ஏன் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது? நம் சட்டத்தின் 79ஏ பிரிவு, மின்னணுச் சாட்சியத்தை ஆராய்பவர் யார் என்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. வழக்குப் போடுவதும் அரசு, சாட்சியம் படிக்கிறவரை நியமிப்பதும் அரசு. இரண்டு சாவியும் ஒரே கையில். எங்கள் கிளையில் இப்படி இருந்தால் ஆடிட்டர் விடமாட்டார்.

பல்கலைக்கழகம் அந்த இரண்டாவது சாவியாக இருக்க முடியும். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2001லிருந்து இதைச் செய்கிறது. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருளைப் பத்திரிகையாளர்கள், செயல்பாட்டாளர்களின் போனில் கண்டுபிடித்து வெளியே சொல்லியிருக்கிறது.

ஆக, சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, சேர்க்கை. பிளஸ் டூவில் கணினி படித்திருக்கணும் என்று கேட்காதே. முதல் அரையாண்டை இணைப்புப் படிப்பாக வை. வேலை செய்கிறவர்களுக்கும் வழி விடு. ஏ.டி.எம். காவலாளியின் மகளும் வரட்டும், அந்தக் காவலாளியே மாலை வகுப்புக்கு வரட்டும்.

இரண்டு, மொழி. பணத்தை இழந்து 1930க்குப் போன் போடுகிற அம்மா தமிழில்தான் அழுவார். அவரிடம் விசாரிக்க, விளக்க, தமிழில் பாடமும் பயிற்சியும் வேண்டும்.

மூன்று, களம். மருத்துவ மாணவனுக்கு ஆஸ்பத்திரி மாதிரி. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2018லிருந்து மாணவர்களே தன்னார்வ அமைப்புகளுக்குப் பாதுகாப்பு உதவி செய்யும் மையம் நடக்கிறது. இங்கே சங்கங்கள், மகளிர் குழுக்கள், கூட்டுறவு வங்கிகள், உதவித்தொகைக்காகப் பிள்ளைகளின் சாதிச் சான்றை இணையத்தில் ஏற்றும் பள்ளிகள், எல்லாம் களம்தான்.

நான்கு, பாதுகாப்பு கற்பவருக்குப் பாதுகாப்பு. அனுமதிக்கப்பட்ட ஆய்வுக்கூடம், ஓட்டையைத் தெரிவிக்க எழுத்துபூர்வமான முறை, வழக்கு வந்தால் பல்கலைக்கழகமே வக்கீல் வைக்கும் என்ற உறுதி.

ஐந்து, தனியார் சான்றிதழ் வேலைக்குத் தேவை என்றால் அந்தக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் கட்டட்டும். இல்லாவிட்டால் அரசுப் பணி விளம்பரங்களில் பட்டமே போதும் என்று எழுதட்டும்.

ஆறு, மனிதர், நிறுவனம், சமூகம் மூன்றும் முதல் வருசத்திலேயே வரட்டும். மதியத் தூக்கத்துக்கு அல்ல, காலை முதல் மணிக்கு.

இவையெல்லாம் முடிந்த முடிவுகள் இல்லை. அடித்துத் திருத்துங்கள், சண்டை போடுங்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். இந்தத் தொழிலின் சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பாடத்திட்டக் குழு கூடுகிறது. அதற்குத் தேதி உண்டு, உறுப்பினர் பட்டியல் உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்தக் கூட்டம் எப்போது, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். பதில் வந்ததும் அடுத்த கூட்டத்தில் அதை மேசையில் வைத்துப் பேசுவோம்.